சீனித்தாய் கை தொட்ட சாமான்

உடன்குடி சங்கரபாண்டியனுக்கு மூன்று பெண், ஒரு ஆண். மூத்தவளைக் குலசேகரன்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நடுவுள்ளவள் பதினாலு வயதில் அம்மை கண்டு போய்விட்டாள். மூன்றாவதுதான் சீனித்தாய். அவளுக்கு நாலு வயது இளையவன் சிவனணைந்தபெருமாள். சங்கரபாண்டியனின் கூடப்பிறந்த அக்காள் மகன் அய்யாக்குட்டி தூத்துக்குடியில் திரேஸ்புரத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தான். சொத்து வெளியே போகக் கூடாது என்று அத்தை மகனுக்கே சீனித்தாயைக் கொடுத்தார்கள். சொத்து என்று சொன்னது பதினெட்டுப் பனைமரம். அதிலும் ஆறு பட்டுப்போனது.

அய்யாக்குட்டி மஞ்சள் காமாலையில் செத்தபோது சீனித்தாய்க்கு முப்பது வயது நிறையவில்லை. பிள்ளை கிடையாது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறின பிறகு பார்த்தால், வீட்டில் இருக்கிற அரிசி எல்லாம் கடை அரிசிதான். மறுநாள் விடிந்ததும் அவள் கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். தாலி அறுத்த பெண் கருக்கலில் முகத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று அவள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. கடற்கரையில் அந்தக் கணக்கைப் பார்க்க அன்றைக்கு ஆள் இல்லை. வள்ளத்துக்காரர் இஞ்ஞாசிக்குக் கடலுக்குப் போகிற அவசரம். வேறு கடை திறக்கவில்லை. அரிசியும் பீடியும் வெற்றிலையும் அவள் கையால் வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கு முன்னே மூன்று மாதமாக அவர் வலையில் செத்தை தவிர ஒன்றும் ஏறவில்லை. அந்த வாரம் வள்ளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சீலா மீன். கரையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இஞ்ஞாசி நேராகக் கடைக்கு வந்து, "கடைக்காரம்மா, இனிமே என் வள்ளத்துச் சாமானை நீங்கதான் தரணும். ஒங்க கையாலதான் தரணும்," என்றார்.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் கடலுக்குப் போக மாட்டார்கள். கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு, சாயங்காலம் வள்ளத்துக்குச் சாமான் வாங்குவார்கள். திங்கள் காலை போனால் வியாழனோ வெள்ளியோ திரும்புவது. ஞாயிறு சாயங்காலம் பதினொரு வள்ளத்து வீட்டுப் பெண்களும் சீனித்தாய் கடையில்தான். அவள் நிறுத்துப் பொட்டலம் கட்டி, கீழே வைக்காமல், வலது கையால் எடுத்து அவர்கள் கையில் கொடுப்பாள். "போய்ட்டு வரட்டும்," என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு மந்திரமும் இல்லை.

அவளுக்கே இது புரிந்ததில்லை. தம்பி சிவனணைந்தபெருமாளின் மூத்த மகள் கல்யாணத்துக்கு உடன்குடிக்குப் போயிருந்தாள். தாம்பாளத்தில் தேங்காய் பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தவளை, தம்பி பெண்டாட்டி சிரித்த முகமாகவே வழிமறித்து, "அதை இங்கன தாங்க மதினி, நீங்க எதுக்குச் சிரமப்படுதிய," என்று வாங்கிக்கொண்டாள். சீனித்தாய் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது மைல் தள்ளி இதே கைக்கு வரிசையில் நிற்கிறார்கள். இங்கே ஒரு தேங்காயைச் சுமக்க விட மாட்டேன் என்கிறார்கள். இதில் எது இந்தக் கை?

புதுத் துறைமுகம் திறந்த மூன்றாம் வருஷம் பெரிய கடை வந்தது. துறைமுகத்து ஆபீசர் குடும்பங்களுக்காக என்று சொல்லி, பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, நாற்பது டியூப் லைட்டை மாட்டினார்கள். வாசலில் ஆள் உயர எழுத்தில் 'எல்லாம் ஒரே இடம், எல்லாம் குறைந்த விலை' என்று எழுதியிருந்தது. அரிசி கிலோவுக்கு முப்பது பைசா குறைவு. சோப்பு இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா. எண்ணெய்க்குத் தள்ளுபடி. கடைப் பெயர் அச்சடித்த துணிப்பை வேறு சும்மா கொடுத்தார்கள். அந்தப் பைக்காகவே பாதி ஊர் போனது.

முதல் மாதம் ஆபீசர் வீட்டு அம்மாமார் போனார்கள். இரண்டாம் மாதம் வாத்தியார் வீடுகள். மூன்றாம் மாதம் கடற்கரையே போனது. செக்கெண்ணெய்க் கடை சொரிமுத்து, அப்பன் பாட்டன் காலத்துக் கடையைச் சாத்திவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். போகிற வழியில் சீனித்தாயைப் பார்த்து, "யக்கா, என் எண்ணெயில என்ன கொறைன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா மனசு ஆறும். எல்லாரும் நல்ல எண்ணெய்னுதான் சொல்லுதாவ. வாங்கதான் வர மாட்டேங்குதாவ," என்றான்.

சீனித்தாய்க்கும் அதே கதைதான். யாரும் அவளோடு சண்டை போடவில்லை. தெருவில் பார்த்தால் சிரிக்கிறார்கள். தலைவலி என்றால் சுக்கு கேட்டு வருகிறார்கள். அரை வீசம் மிளகுக்கு வருகிறார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் வருவதில்லை. துடைத்த டப்பாவையே மறுபடியும் துடைத்துக்கொண்டு, நாம் என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசித்தாள். கோபப்படலாம் என்றால் கோபப்படுவதற்கு ஒரு முகம் அகப்படவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் இஞ்ஞாசி பெண்டாட்டி பிலோமினா வந்தாள். கையில் அந்த அச்சடித்த பை, நிறையச் சாமான். கொண்டுவந்து பலகையில் வைத்தாள். சீனித்தாய் பையைப் பார்த்தாள், பிலோமினாவைப் பார்த்தாள். எடை குறைவு என்று நினைத்து இங்கே நிறுத்துப் பார்க்க வந்திருக்கிறாள் போல என்று எண்ணி, அரிசிப் பொட்டலத்தை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"எடை சரியாத்தாம்ளா இருக்கு. அஞ்சு கிலோ. ஒரு மணி கூட கொறையல."

"ஐயோ, நிறுக்க வேண்டாம்க்கா. எடையெல்லாம் சரியாத்தான் போடுதான்."

"பின்ன எதுக்கு இங்கன கொண்டாந்த?"

பிலோமினா முந்தானை நுனியை முறுக்கினாள். "ஒங்க கையால எடுத்துக் குடுங்க. அவுக வள்ளத்துக்கு."

"இது என் சாமான் இல்லியே."

"சாமான் யாருதா இருந்தா என்ன? கை ஒங்க கைதான?"

பழக்கத்தில் சீனித்தாயின் வலது கை நீண்டுவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "போய்ட்டு வரட்டும்," என்றாள். பிலோமினா போகும்போது மறக்காமல் ஒரு கவுளி வெற்றிலை அவளிடமே வாங்கினாள். பெரிய கடையில் வெற்றிலை கிடையாது.

அடுத்த ஞாயிறு ஐந்து பைகள் வந்தன. அதற்கடுத்த ஞாயிறு பதினொன்றும். முன்பு போலவே வரிசை, முன்பு போலவே பேச்சும் சிரிப்பும். அரிசியும் பருப்பும்தான் அவளுடையது இல்லை. ஒருத்தி, "யக்கா, சோப்பையும் தொட்டுக் குடுங்க, என் மாப்பிள்ளை குளிக்கவே மாட்டேங்கான்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சீனித்தாயும் சிரித்தாள். அவர்கள் போன பிறகு, ஏன் சிரித்தோம் என்று யோசித்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகையில் தம்பி வந்தான். கடையைச் சுற்றிப் பார்த்தான். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டான். கையோடு இரண்டு வண்டு வந்தது.

"அக்கா, இது கடையா, மியூசியமா?"

"எல்லாம் சரியாகும்லே."

"எப்படி ஆகும்? எதுத்தாப்புல நிக்கிறவன் கம்பெனிக்காரன். நஷ்டத்துல வித்தாக்கூட நாலு வருஷம் நிப்பான். நீ நாலு மாசம் நிப்பியா? பேசாம ஊருக்கு வந்துரு. பின்னால ஒரு ரூம் கெடக்கு. கருப்பட்டி பொதியிறதுக்கு ஆள் பத்தல. தை பொறந்து மூணாம் நாள் வண்டியோட வாரேன். தட்டுமுட்டெல்லாம் ஏத்திருவோம்."

அவன் நல்லவன். நல்லவனாக இருப்பதுதான் சங்கடம். பின்னால் ஒரு அறை என்று சொன்னானே, அந்த அறை அவளுக்குத் தெரியும். கல்யாணத்தன்று தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டு அங்கேதான் போய் உட்கார்ந்தாள். இங்கே கடை இருக்கிறவரைக்கும் அவள் சீனித்தாய். அங்கே போனால் பெரியத்தை. ஒரு பக்கமாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரியத்தை. கடை போனால் தான் என்ன ஆவோம் என்பதுதான் அவளுக்குப் பயம்.

"யோசிக்கேன்," என்றாள்.

"யோசி. ஆனா வண்டி வரும்."

அந்தப் பெரிய கடையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மார்கழியில் ஒரு ஞாயிறு மதியம் போய்ப் பார்த்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். உள்ளே இருந்த பையன்மார் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னாலும், அங்கே ஏற்கனவே முப்பது சோடி செருப்பு கிடந்தது. உள்ளே பளீரென்று வெளிச்சம். ஒரு கம்பிக் கூடையைக் கையில் கொடுத்தார்கள். நெடுக நெடுகப் பலகை, பலகை நிறையச் சாமான். ஆள் இல்லை. அரிசி இருக்கிற இடத்தில் போய் நின்றாள். யாராவது வந்து கொடுப்பார்கள் என்று நின்றாள். கால் மணி நேரம் நின்றாள்.

புதுக்கோட்டைக்காரன் தேவமணி என்று ஒரு பிள்ளை அங்கே வேலையில் இருந்தான். கிட்டே வந்து, "என்னம்மா வேணும்?" என்றான்.

"அரிசி."

"எடுத்துக்கோங்க."

"நீ எடுத்துத் தாப்பா."

"இங்க யாரும் எடுத்துத் தர மாட்டோம்மா. நீங்களே எடுத்துக் கூடையில போட்டு, அங்க ரூபா கட்டணும்."

சீனித்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடையில் இருக்கிற சாமானைக் கடைக்காரன் கொடுக்காமல் எடுப்பதா? அவள் கடையில் யாராவது அப்படி எடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர். இத்தனை சாமானையும் கொடுக்க ஒரு கை கூட இல்லாமல் ஒரு கடை எப்படி நடக்கும்? அப்போதுதான் அவளுக்கு லேசாக ஒன்று விளங்கியது போல் இருந்தது. கடற்கரைப் பெண்கள் ஏன் பையைத் தூக்கிக்கொண்டு தன்னிடம் வருகிறார்கள் என்று. விளங்கியது முழுசாகக் கைக்குள் வருவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

"யம்மாடி, சீனித்தாயக்கா!"

பர்னபாஸ் பெண்டாட்டி மெட்டில்டா. அவளுக்குப் பின்னால் கடற்கரைப் பெண்கள் இன்னும் நாலு பேர். பார்த்துவிட்டோமே என்று ஒரு நிமிஷம் எல்லோருக்கும் முகம் சுருங்கியது. களவு கொடுத்தவளும் களவு செய்தவளும் ஒரே சந்தையில் சந்தித்த மாதிரி. அதில் யார் யார் என்றுதான் தெரியவில்லை. மெட்டில்டா வாய்க்காரி. அவள்தான் சமாளித்தாள்.

"நல்லதாப் போச்சு. இங்கயே வந்துட்டிய. அங்க தூக்கிட்டு வர்ற வேலை மிச்சம். இந்தா, அந்த அரிசியை எடுத்து என் கூடையில போடுங்க."

சீனித்தாய் எடுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வாள்? அடுத்தவள் கூடையை நீட்டினாள். அடுத்தவள் புளி கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அரிசிப் பலகைக்கு முன்னால் வரிசை நின்றது. கடற்கரையைச் சேராத பெண்களும், இங்கே ஏதோ சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைத்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது, கழுத்தில் டை. "ஏனுங்கம்மா, என்னங்க நடக்குது இங்க? நீங்க யாருங்க?"

மெட்டில்டா பதில் சொன்னாள். "அவுகதான் எங்களுக்குக் கை."

"கைங்களா?"

தேவமணி அவர் காதில் விவரம் சொன்னான். மேனேஜர் வரிசையைப் பார்த்தார். நிரம்பிய கூடைகளைப் பார்த்தார். முகம் மாறியது. சீனித்தாயைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஞாயிறு தோறும் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை இங்கே வந்து நின்றால் போதும், சம்பளம் உண்டு, வருஷத்துக்கு இரண்டு சேலை உண்டு என்றார். "ஒண்ணே ஒண்ணுங்கம்மா. சொந்தமாக் கடை வச்சிருக்கறவங்களை வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். அதை மட்டும் மூடிருங்க."

டீ நன்றாகத்தான் இருந்தது. அவள் வெளியே வந்தபோது செருப்பைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்தாள். தம்பி கடையை மூடச் சொல்கிறான். மேனேஜர் கடையை மூடச் சொல்கிறார். சொல்லாமலே மூட வைக்கிறவர்கள் ஞாயிறு தோறும் அவள் கைக்கு வருகிறார்கள். இதில் யார் பகையாளி, யார் உறவு?

அடுத்த ஞாயிறு மெட்டில்டாதான் முதலில் வந்தாள். பையைப் பலகையில் வைத்தாள். சீனித்தாய் கையை நீட்டவில்லை.

"மெட்டில்டா, இனிமே என் கடையில வாங்குன சாமானுக்குத்தான் என் கை. வீட்டுச் சாமானை எங்க வேணாலும் வாங்கு. வள்ளத்துச் சாமானையாவது எங்கிட்ட வாங்கு."

மெட்டில்டா இடுப்பில் கையை வைத்தாள். "ஓஹோ! கைக்கு வெல வச்சிட்டியளோ? கிலோவுக்கு முப்பது பைசாவா?"

"ஏளா, எனக்கும் வயிறு இருக்குல்லா?"

"எங்களுக்கு இல்லியா? வலை பிஞ்சு கெடக்கு. அஞ்சு உருப்படிக்குச் சோறு போடணும். முப்பது பைசா ஒங்களுக்குச் சின்னதா இருக்கலாம்."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். இரண்டு பேர் வள்ளத்துக்கு மட்டும் அவளிடம் வாங்கினார்கள். பிலோமினா பையை ஒளித்துக்கொண்டு வெற்றிலை மட்டும் வாங்கினாள். மீதிப் பேர் கலைந்தார்கள்.

திங்கள் வள்ளங்கள் போயின. புதன்கிழமை வாடைக்காற்று திடீரென்று பலத்தது. வியாழன், வெள்ளிக்குள் பத்து வள்ளம் கரை சேர்ந்தது. பர்னபாஸ் வள்ளம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் சீனித்தாய் கடையைத் திறக்கவில்லை. கடற்கரையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. மெட்டில்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஐந்து கிலோ அரிசி, ஒரு கட்டுப் பீடி. எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம்? ஆனால் கொடுத்தால்தான் வள்ளம் திரும்பும் என்று அவள் எப்போது சொன்னாள்? அவள் சொன்னதே இல்லையே. தலைக்குள் ஒன்று மாற்றி ஒன்று வந்து முட்டியது. அவள் வலது கையை மணலுக்குள் புதைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

உச்சி சாய்ந்த பிறகு தெற்கே ஒரு பாய் தெரிந்தது. பாய் பாதிதான் இருந்தது. பாய்மரம் ஒடிந்து, காற்று தள்ளிக்கொண்டு போய் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கி, கிடைத்த கம்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள். மீன் ஒன்றுமில்லை.

அழுது முடித்த பிறகு கரையில் வாக்குவாதம் ஆரம்பித்தது.

"கை வாங்காமப் போனான், மரம் ஒடிஞ்சுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் ஒருவன்.

"அட, போலே. கை வாங்காமலே அஞ்சு பேரும் முழுசாத் திரும்பியாச்சு. அப்ப கை எதுக்கு?" என்றான் இன்னொருவன்.

"மரம் உளுத்த மரம்லே. ரெண்டு வருஷமா மாத்தச் சொல்லுதேன்," என்றார் ஒரு கிழவர். அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

சீனித்தாய் மெட்டில்டாவிடம் போனாள். "ஏளா, என்னாலயா?"

மெட்டில்டா மூக்கைத் துடைத்தாள். திட்டுவாள் என்று சீனித்தாய் எதிர்பார்த்தாள். "எனக்குத் தெரியலக்கா," என்றாள் அவள். "ரெண்டு நாளா ஒங்களைத்தான் வஞ்சேன். இப்ப அவுக வந்து நிக்காவ. என்ன சொல்லன்னு தெரியல."

மறுநாள் பூசை முடிந்ததும் இஞ்ஞாசி நாலு வள்ளத்துக்காரர்களோடு கடைக்கு வந்தார். கடைக்குள் நிற்க இடம் இருந்தது. மூட்டைகள் குறைந்திருந்தன அல்லவா.

"கடைக்காரம்மா, நாங்க பேசி ஒரு முடிவு பண்ணிருக்கோம். மீன் பட்டா வள்ளத்துக்குப் பங்கு எடுக்கோம். வலைக்குப் பங்கு. கோயிலுக்குப் பங்கு. ஆளுக்குப் பங்கு. கைக்கு மட்டும் இத்தன வருஷமா பங்கே வைக்கல. ஏன்னா அப்ப ஒங்களுக்கு யாவாரம் இருந்துச்சு. இப்ப அது இல்ல. அதனால கைக்கு அரைப் பங்கு. எந்த வள்ளமா இருந்தாலும்."

"நான் கடலுக்கு வரலியே."

"வலை மட்டும் தானா நடந்தா வருது? நாங்கதான தூக்கிட்டுப் போறோம்."

"மீன் படலன்னா?"

"எங்களுக்கு என்னமோ அதான் ஒங்களுக்கும். ஒண்ணே ஒண்ணு. சாமான் எந்தக் கடைச் சாமான்னு கேக்கப்படாது."

சீனித்தாய் டப்பாக்களைப் பார்த்தாள். "அப்ப என் கடை?"

இஞ்ஞாசி பிடரியைச் சொறிந்தார். அவரோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை அவர்கள் பேசவில்லை போலிருக்கிறது. "கடை..." என்றார். "அது ஒங்க இஷ்டம்."

அன்று சாயங்காலம் பைகள் வந்தபோது, சீனித்தாய் எந்தக் கடைச் சாமான் என்று கேட்காமல் கொடுத்தாள். மெட்டில்டாவின் பையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கையிலேயே வைத்திருந்து கொடுத்தாள். பெரிய கடைப் பக்கம் அவள் மறுபடி போகவில்லை. அந்த ஞாயிறு தேவமணி சொல்லியனுப்பிப் பார்த்தான். மேனேஜர் அரிசிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தாராம்.

அந்த வார வெள்ளிக்கிழமை தை பிறந்து மூன்றாம் நாள். சொன்னபடி சிவனணைந்தபெருமாள் மாட்டுவண்டியோடு வந்துவிட்டான். அக்காள் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கண்ணாடி ஜாடிகளை வைக்கோல் சுற்றி ஏற்றினான். எண்ணெய் டின், சோப்புப் பெட்டி, பருப்பு மூட்டை எல்லாம் ஏறியது. தராசைக் கையில் எடுத்தபோது பிலோமினா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"யக்கா, ஓடியாங்க! ஒங்க பங்கு பிரிச்சாச்சு. ஏலக்காரர் கத்துதாரு."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பங்கு?" என்று கேட்டுக்கொண்டே தராசோடு பின்னால் வந்தான்.

மணலில் வரிசையாக மீன் கூறுகள். மீன் பட்ட மூன்று வள்ளத்திலிருந்து பிரித்த மூன்று சின்னக் கூறுகள் ஒரு ஓரமாகக் கிடந்தன. பாதிக்கு மேல் சாளை. இரண்டு நல்ல சீலா. ஏலக்காரர் துண்டை உதறிக்கொண்டு, "இது யாருது?" என்றார்.

"கைக்கு உள்ளது," என்றார் இஞ்ஞாசி.

மீன் வியாபாரிகள் சீனித்தாயை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஏலம் கேட்டார்கள். ஒருவன் எட்டு என்றான், ஒருவன் பத்து என்றான், பன்னிரண்டில் நின்றது. ஏலக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "யக்கா, குடுக்கலாமா?"

வாழ்நாள் பூராவும் ஒவ்வொரு சாமானுக்கும் விலை சொன்னவள் அவள். இந்த மீனுக்குப் பன்னிரண்டு கூடவா குறைவா என்று தெரியவில்லை. சரி என்று சொன்னால் உடன்குடி வண்டியில் ஏறுவது எப்படி? வேண்டாம் என்றால் கூறு திரும்ப வள்ளத்துக்குப் போகும். அதோடு அவளுக்கு இங்கே இருக்கிற இடமும் போகும். தம்பி பின்னால் நின்று முணுமுணுத்தான்.

"அக்கா, வண்டி நிக்கி. மாடு வெயில்ல நிக்கி. நீ யாவாரியா, மீன்காரியா? இது என்ன கூத்து?"

"தெரியலலே."

"மீன் படாத வாரம் என்ன செய்வ?"

"அதுவும் தெரியல." ஏலக்காரரைப் பார்த்து, "குடுங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. தம்பி ஏற்றின சாமானை இறக்கவா வேண்டாமா என்று கேட்டான். ஜாடியும் சோப்பும் பருப்பும் போகட்டும், ஊரில் விற்றுக்கொள், பழைய அரிசியைக் கோழிக்குப் போடு என்றாள். பலகையும் வெற்றிலைக் கூடையும் இருக்கட்டும் என்றாள். தராசை அவன் நீட்டினான். இனி நிறுப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தாள். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் வெறும் கடையில் வெறும் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அச்சடித்த பைகளோடு பெண்கள் வந்தார்கள். பதினொரு வீடும் வந்தது. அவள் கொடுத்தாள். ஆனால் முன்பு போல் வாய் சும்மா இருக்கவில்லை. போன வாரம் எவ்வளவு தூரம் போனார்கள், வலையைத் தைத்தாகிவிட்டதா, பர்னபாஸ் புது மரம் போட்டானா என்று ஒவ்வொருத்தியையும் குடைந்தாள். அவர்கள் ஆச்சரியமாகப் பதில் சொன்னார்கள்.

"ஏளா, காத்து எந்தப் பக்கம் அடிக்கி?" என்று கேட்டாள்.

மெட்டில்டா வாடை என்றாள். பிலோமினா, மத்தியானமே கிழக்க கொண்டலுக்குத் திரும்பியாச்சு என்றாள். இரண்டு பேரும் வாசலில் நின்று வானத்தைக் காட்டிச் சண்டை போட்டார்கள். சீனித்தாய் ஒருத்தி முகத்தையும் மற்றவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதை நம்புவது என்று தெரியாமலே அடுத்த பையைக் கையில் வாங்கினாள்.